முழு இட்லி வரையாத டீச்சர்

அந்த டிராயிங் டீச்சர் வரைந்த எந்தப் படத்திலும் முழு இட்லி கிடையாது. முழு தோசை கிடையாது. நிரம்பிய டீ கிளாஸ் கிடையாது. எல்லாவற்றிலும் யாரோ வாய் வைத்திருப்பார்கள். பாதி பிட்ட இட்லி, ஓரம் கிள்ளிய ஆப்பம், அடியில் தூள் தங்கிய கிளாஸ், சாம்பார் காய்ந்துபோன தட்டு. சாப்பிட்ட ஆள் மட்டும் படத்தில் இருக்க மாட்டார். அவர் எழுந்து கை கழுவப் போயிருப்பார். இந்த ஒரு பிடிவாதத்தை வைத்துக்கொண்டு டீச்சர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல்தான். அது அவர் மேலா, என் மேலா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது.

எனக்குக் காளவாசலில் பிரேம் கடை. சிக்னலைத் தாண்டி உள்ளே போகிற சந்தில் மூன்றாவது கடை. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், இந்த மூன்றும்தான் பிழைப்பு. மூன்றாவதுதான் அதிகம் வரும், அவசரமும் அதற்குத்தான். பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர், ஒருநாள் ஸ்கூட்டியின் முன்னால் ஒரு படத்தை வேட்டித் துணியில் சுற்றி நிறுத்திக்கொண்டு வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு முன்னே பின்னே. சேலை முந்தானையில் எப்போதும் ஏதாவது ஒரு பெயிண்ட் கறை இருக்கும். அவர் என்னை அண்ணே என்றார், நான் டீச்சர் என்றேன். கடைசிவரை அப்படியே இருந்தது.

இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கென்று நான் அவரிடம் கேட்டது ஒரே ஒரு படம். என் அப்பாவின் முகம். அது எப்படிக் கிடைத்து, எப்படிக் கிடைக்காமல் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் டீச்சர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லாவிட்டால், நான் செய்த முட்டாள்தனத்தின் அளவு உங்களுக்குத் தெரியாது.

முதல்நாள் அவர் கொண்டுவந்தது ஒரு சத்துணவுத் தட்டின் படம். ஓரம் நசுங்கிய தட்டு. சாம்பார் சாதத்தை விரலால் வழித்துத் தின்ற கோடுகள்கூடத் தெரிந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் சோறு படாமல் வட்டமாக ஒரு வெற்றிடம். தட்டுக்குப் பக்கத்தில் ரூல் போட்ட நோட்டுத்தாளைக் கிழித்த துண்டு. அவ்வளவுதான் படம். வரைந்திருந்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. தொட்டால் கை பிசுபிசுக்கும் என்று தோன்றியது.

"என்ன டீச்சர், இம்புட்டு நல்லா வரையிறீங்க. வெறுந்தட்டப் போயி வரைஞ்சிருக்கீங்களே?"

"வெறுந்தட்டு இல்லண்ணே. நின்னு பாருங்க."

இரண்டு நாள் அந்தப் படம் கடையில் கிடந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, கேரியரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். "அந்தப் பிள்ள முட்டையத் திங்கல. தாளக் கிழிச்சு அதுல சுத்தி வீட்டுக்குக் கொண்டு போயிருச்சு. வீட்டுல தம்பியோ தங்கச்சியோ இருக்கும்." சொல்லிவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. முட்டையைச் சுற்றிய பொட்டலத்தையும் ஒரு மூலையில் வரைந்திருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்குமே என்று அடுத்தநாள் டீச்சரிடமே கேட்டேன்.

"முட்டைய வரைஞ்சா எல்லாரும் முட்டையத்தான்ணே பாப்பாங்க. அந்தப் பிள்ளைய யாரு பாக்குறது?" என்றார்.

இப்படித்தான் பேசுவார். கண்ணாடி அறுத்துப் பிழைக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது?

அவர் படங்களை நான்கைந்து வாங்கிக் கடைச் சுவரில் மாட்டினேன். யாராவது பார்த்து வாங்கினால் அவருக்கும் ஒரு உற்சாகமாக இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பக்கத்தில் போய் வியந்தார்கள். பிறகு அது என்ன என்று புரிந்ததும் பின்வாங்கினார்கள். மீனாட்சி படத்துக்குக் கண்ணாடி போட வந்த ஒரு அம்மா, "ஏன்ப்பா, சாமி படத்துக்குப் பக்கத்துல எச்சித்தட்ட மாட்டி வச்சிருக்க? ஒனக்குக் கூறு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் எழுந்து தட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். புதுசாகக் கல்யாணமான ஒரு பையனும் பெண்ணும் பருத்திப்பால் கிளாஸ் படத்தை ஆசையாக வாங்கிப் போனார்கள். கிளாஸின் விளிம்பில் உதடு பட்ட இடத்தில் பால் காய்ந்திருக்கும், அதைத்தான் அந்தப் பெண் காட்டிக் காட்டிச் சிரித்தாள். மூன்றாம் நாள் பையன் மட்டும் வந்தான். "அம்மா திட்டுதுண்ணே. வீட்டுக்குள்ள எச்சிக் கிளாஸ மாட்டினா லெச்சுமி எப்படித் தங்கும்ன்னு கேக்குது" என்றான். வாங்கித் திரும்ப மாட்டினேன்.

இதை டீச்சரிடம் சொன்னால் வருத்தப்படுவார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எச்சி படாத சோறு எந்த வீட்டுலண்ணே இருக்கு? கடை கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருக்கும்" என்றார். சரி, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வாங்குகிறவர்களுக்கு அல்லவா அது புரிய வேண்டும்.

வெளியே அவரோடு டீ குடிக்கப் போவதே ஒரு வதை. சிலுவை போட்டுக்கொண்டு தன் டீயை எடுப்பார், ஆனால் கண் முழுக்கப் பக்கத்து மேஜையில் இருக்கும். யாராவது எழுந்து போனால், "மாஸ்டர், அத எடுத்துராதீங்க, ஒரு நிமிசம்" என்று கத்துவார். மாஸ்டர் என்னைப் பார்ப்பார். நான் ரோட்டைப் பார்ப்பேன். டீச்சர் அந்தப் பிளேட்டுக்கு மேல் குனிந்து நிற்பார். வெங்காயத்தை மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள், சட்னியை நக்கியிருக்கிறார்கள், பூரியின் உப்பலை மட்டும் பிய்த்துத் தின்றிருக்கிறார்கள் என்று எனக்குக் கணக்குச் சொல்வார். என் கடையில் இந்தப் பேச்சை ரசித்த ஒரே ஆள் என் அப்பா. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அப்பா தினமும் கடைக்கு வந்து வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவர் எதற்கும் அதிகம் பேசமாட்டார். டீச்சர் வந்தால் மட்டும், "அந்தப் பிள்ளைக்கு ஒரு டீ சொல்லுடா" என்பார்.

ஓட்டல்காரர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. திருமங்கலம் ரோட்டில் புதிதாக ஓட்டல் கட்டியவர் ஒருவர் கடைக்கு வந்தார். சாப்பாட்டு ஹால் சுவர் முழுக்க நம் ஊர் சாப்பாட்டுப் படமாக வேண்டும், பார்த்தவுடன் பசிக்க வேண்டும் என்றார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. டீச்சரின் படம் நூறு பேர் பார்க்கிற இடத்தில் தொங்கப் போகிறது. நான் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய் அவரிடம் சொன்னேன்.

"டீச்சர், ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். இந்த ஒரு தடவ மட்டும் முழுசா வரைங்க. இலை நெறைய சோறு, கொழம்பு, கூட்டு, அப்பளம். ஒருத்தரும் தொட வேணாம்."

"பாக்குறேண்ணே."

இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். வாழையிலைதான். ஆனால் சோற்றில் பாதி காலி. மிச்சச் சோற்றில் குழம்புக்குக் குழி பறித்து, குழி ஒரு பக்கம் உடைந்து, குழம்பு இலையின் நரம்பு வழியே ஓடிக்கொண்டிருந்தது. அப்பளம் நொறுங்கிக் கிடந்தது. பொரியல் இருந்த இடத்தில் ஒரு தேங்காய்த் துருவல். ஓட்டல்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எச்சில் விஷயம் அவர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வேறு ஒன்று பட்டுவிட்டது.

"என்னங்க இது, நுனி வலது பக்கம் கெடக்கு? எலை போடக்கூடத் தெரியாதா?"

நான் அப்போதுதான் கவனித்தேன். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம்தான் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். டீச்சர் கொஞ்சமும் அசரவில்லை.

"சாப்பிடுறவங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க சார். அவங்களுக்கு எடது பக்கந்தான். நாம இந்தப் பக்கம், பரிமாறுற பக்கம் நிக்கிறோம்."

"நான் எதுக்கும்மா பரிமாறுற பக்கம் நிக்கணும்? நான் மொதலாளி."

"ஓட்டல் வச்சிருக்கீங்கள்ல சார்" என்றார் டீச்சர்.

அந்த மனிதர் அதற்குமேல் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அவர் கார் சந்தைவிட்டுத் திரும்புகிறவரை பொறுத்திருந்துவிட்டு, நான் டீச்சரிடம் கத்தினேன். நுனியைத் திருப்பிப் போட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்டேன். ஸ்டூலில் இருந்த அப்பா, "ஏண்டா அந்தப் பிள்ளையப் போட்டுத் திட்டுற" என்றார். டீச்சர் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே, "பசிக்கணும்ன்னுதானண்ணே கேட்டாரு. இதப் பாத்தா இன்னுங்கொஞ்சம் சோறு வைக்கட்டுமான்னு கேக்கத் தோணலயா? எனக்குத் தோணுச்சு" என்றார். கடைசியில் அந்த ஓட்டலுக்கு நான் பிரிண்ட் படங்களை வாங்கிப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். பளபளவென்று ஒரு தோசை, அதைப் பார்த்து எவனுக்கும் பசிக்காது. ஆனால் அதுதான் இன்றைக்கும் அங்கே தொங்குகிறது.

இதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருவாதவூர்ப் பக்கம் நடந்த என் அக்கா மகள் கல்யாணத்துக்கு அவரையும் அழைத்தேன். இப்போதெல்லாம் பந்தி முடிந்ததும் இலையை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை, மேஜைமேல் விரித்த தாளோடு சேர்த்து ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போய்விடுவார்கள். அப்படிச் சுருட்டிக்கொண்டு வந்த ஆளின் முன்னால் போய்க் கையை நீட்டி நின்றுவிட்டார் டீச்சர். "அண்ணே, ஒரே நிமிசம். இந்த எலைய மட்டும் பாத்துக்குறேன்." கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கிறுக்கவும் ஆரம்பித்துவிட்டார். அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா வேகமாக வந்தார். யாரோ சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடித்துக் குறிப்பு எடுக்கிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. "எலையில என்ன கொறை? சொல்லச் சொல்லுங்க. என்னன்னு கேப்போம்" என்று நின்றார். அவரைச் சமாதானம் செய்ய எனக்கு அரைமணி நேரம் ஆனது. அக்கா என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் டீச்சர் அந்த ஓரத்து இலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கூட்டு, பொரியல் எதையும் தொடவில்லையாம். சோற்றை மட்டும் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்திருக்கிறார்களாம். "மனசுல என்னமோ பெருசா கெடக்குண்ணே அவங்களுக்கு. கல்யாண வீட்டுல வந்து இப்படி உக்காந்திருக்காங்க."

"அது எங்க சின்ன மாமா டீச்சர். வர்ற வழியில மேலூர்ல எறங்கி நாலு பரோட்டா தின்னுட்டு வந்தாரு."

டீச்சர் இருமல் வருகிறவரை சிரித்தார். தான் ஏமாந்ததில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு பயணத்தில் மட்டும் அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் அப்பா இறந்தார். காலையில் டீ குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள், தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஊரில் பாதிப் பேருடைய அப்பாவுக்குப் பிரேம் போட்டவன் நான், என் அப்பாவுக்குப் போட ஒரு முகம் என்னிடம் இல்லை. போனை எடுத்து நீட்டினாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். "எனக்கு எதுக்குடா போட்டோ? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பார். நாள் முழுக்க என் கடையில் உட்கார்ந்து, வயசானவர்கள் படமெல்லாம் மாலை போடவே வருவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்திருந்தது. அதற்கும் காரணம் என் தொழில்தான்.

மிஞ்சியது ஆதார் அட்டை. அதில் அப்பா திருட்டுக் கேசில் பிடிபட்ட ஆள் மாதிரி இருப்பார். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். அவர்கள் கம்ப்யூட்டரில் சுருக்கத்தை எல்லாம் வழித்து, கறுப்புக் கோட்டும் டையும் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து அக்கா அழுதாள். "நம்ம அப்பா என்னைக்குடா கோட்டுப் போட்டாரு? இதுக்கா நான் மாலை போடணும்? வருசத் திதிக்குள்ள நல்லதா ஒரு படம் பண்ணு" என்றாள். எனக்கும் அது பெரிய ஆற்றாமையாக இருந்தது. முகம் மறந்துகொண்டே போனது. கண்ணை மூடினால் துண்டு தெரிந்தது, வேட்டி தெரிந்தது, முகம் பிடிபடவில்லை. டீச்சரிடம் போய் நின்றேன்.

"நீங்கதான் அப்பாவத் தெனம் பாத்தவங்க. அந்த மொகம் வேணும் டீச்சர். மொகம் மட்டும் போதும்."

"சரிண்ணே" என்றார். அந்தச் சரியை நான் நம்பியிருக்கக் கூடாது. நானோ, தேக்கில் இரண்டடிக்கு ஒன்றரையடி பிரேம் அடித்துத் தயாராக வைத்து, அதே அளவில் கேன்வாஸும் இழுத்துக் கட்டி அவரிடம் கொடுத்தேன். மாதங்கள் போயின. கேட்டால், "பாத்துக்கிட்டே இருக்கேண்ணே" என்பார். திதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் வந்து துணியைப் பிரித்தார்.

படத்தில் இருந்தது என் கண்ணாடி அறுக்கிற மேஜை. ஒரு பக்கம் அப்பாவின் டீ கிளாஸ், அடியில் பாலேடு ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் நாளிதழ்த் தாளில் பருப்பு வடை தின்ற தூள், கடித்துவிட்டு ஒதுக்கிய பச்சைமிளகாய். அப்பா தினமும் நாலு மணிக்கு டீக்கடைக்குப் போய் இரண்டு வடை வாங்கி வருவார். ஒன்றைத் தின்பார், மற்றதைத் தாளோடு என் மேஜையில் வைப்பார். அதைக் கண்ணாடிமேல்தான் வைப்பார், எண்ணெய் இறங்கிவிடும். "எத்தன தடவ சொல்றது, கண்ணாடியில எண்ண படுதுன்னு" என்று நான் தினமும் கத்துவேன். படத்திலும் மேஜையின் மறுபக்கம் கண்ணாடிமேல் ஒரு வடை இருந்தது. அதைச் சுற்றி எண்ணெய் வட்டம்கூட இருந்தது. பார்த்ததும் எனக்கு அந்த நாலு மணிக் கோபமே திரும்ப வந்துவிட்டது.

"மொகம் எங்க டீச்சர்?"

"இதுதாண்ணே அப்பா. கொஞ்சம் நின்னு பாருங்க."

"என்னத்தப் பாக்குறது? எங்க அக்காவக் கூட்டிட்டு வந்து வடைக்கு மாலை போடச் சொல்லவா?" கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. "ஒங்க எச்சித்தட்டு அம்புட்டுக்கும் பிரேம் போட்டேன். ஊர்ல எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினேன். எனக்குன்னு கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் ஒங்க இஷ்டத்துக்கே செஞ்சிட்டீங்கள்ல?"

டிராயரைத் திறந்து ஆதார் அட்டையின் நகலை எடுத்து மேஜைமேல் அடித்தேன். "இதப் பாத்து வரைங்க. வேற கேன்வாஸ் கட்ட எனக்கு நேரமில்ல. பிரேம் அடிச்சாச்சு. இதே கேன்வாஸ்ல, இது மேலேயே வரைஞ்சு குடுங்க."

"இது மேலயாண்ணே?"

"ஆமா, இது மேலதான்."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு வார்த்தை பேசுவார், சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஓட்டல் முதலாளியிடமே அசராத ஆள். "சரிண்ணே" என்று துணியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சரி உண்மையான சரி. திதிக்கு முதல்நாள் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, வாரிய தலை, லேசாக ஒரு சிரிப்பு. ஆதார் அட்டையைக் கழுவித் துடைத்து வைத்தது போல இருந்தது. அவர் வரைந்து நான் பார்த்த ஒரே மனித முகம் அதுதான்.

திதியன்று அக்கா அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே இருக்காருடா!" என்று அழுதாள். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அப்பாவுக்குப் பிடித்ததை எல்லாம் படையலாக இலையில் வைத்தோம். கடைசியில் அக்கா டீக்கடையிலிருந்து வாங்கி வரச்சொன்ன இரண்டு வடைகளையும் சேர்த்து வைத்தாள். என் மனைவி என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ரெண்டயும் மாமாவுக்கே வைக்கிறாங்க" என்றாள் மெதுவாக. "அவரு ஒண்ணுதான் திம்பாரு. இன்னொண்ணு ஒங்களுக்குத்தான வைப்பாரு. டீச்சர் மொதல்ல வரைஞ்சதுலகூட ஒங்க வடை அப்படியே முழுசா இருந்துச்சாமே. அன்னைக்குக் கடையில இருந்தவங்க சொன்னாங்க."

முழுசாக இருந்தது. ஆமாம், முழுசாகத்தான் இருந்தது. வாய் படாத எதையும் வரையவே மாட்டேன் என்று நின்ற பெண், ஆயுசில் ஒரே ஒரு பண்டத்தை யாரும் தொடாமல் வரைந்திருக்கிறார். அது எனக்கு வைத்தது. நான் வந்து எடுத்தால்தான் தொட்டதாகும். இவ்வளவு வருஷம் அவர் படங்களுக்குக் கண்ணாடி போட்ட நான், எண்ணெய் வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறேன்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளின் டிராயிங் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவர் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை, அது இருந்திருந்தாலாவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். அந்த மொதப் படத்த இன்னொரு தடவ வரைஞ்சு குடுங்க. எம்புட்டு நாளானாலும் சரி. நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவர் ஒரு நோட்டை மூடி வைத்தார். "வராதுண்ணே."

"ஒங்களுக்கா வராது? ஞாபகம் இருக்கும்ல?"

"ஞாபகம் இருக்கு. அப்பா இருந்தப்பவே ஒருநாள் சாயங்காலம் உக்காந்து தாள்ல கோடு போட்டு வச்சிருந்தேன். அன்னைக்கு அவரு வச்ச வடை அது. நீங்க வேல பாத்துக்கிட்டு இருந்தீங்க, அவரு ஒங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்தத் தாளையே கேன்வாஸ்ல ஒட்டி, கோட்டு மேலதான் பெயிண்ட் அடிச்சேன். இப்பப் புதுசா வரைஞ்சா, அது நான் வச்ச வடையாத்தாண்ணே இருக்கும்."

நான் கெஞ்சினேன். ஒருகட்டத்தில் மறுபடியும் கோபப்பட்டேன், இந்தப் பிடிவாதம்தான் உங்களுக்குப் பிடித்த சனி என்றுகூடச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த ஜூனில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைக்கு வந்து, "போயிட்டு வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது, அதை அழுத்த எனக்கு முகமில்லை.

வருஷம் தவறாமல் திதி வருகிறது. வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, "அப்படியே இருக்காரு" என்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவின் சட்டையில் இரண்டாவது பொத்தானுக்குக் கொஞ்சம் கீழேதான் அந்த வடை இருக்கிறது. கேன்வாஸைக் கட்டியவன் நான், அளவு எனக்குத் தெரியும். இந்த வருஷம் சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பியபிறகு, மத்தியான வெயிலில் படத்தை இறக்கி ஜன்னலோரம் சாய்த்து வைத்தேன். சரித்துப் பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் பெயிண்ட் லேசாக மேடு தட்டியிருப்பது தெரிந்தது. கடையில் அட்டை வெட்டுகிற பிளேடைக் கொண்டுவந்திருந்தேன். பொத்தானுக்கு அடியில் நுனியை வைத்தேன். மேலே இருக்கிற வெள்ளையை ஒரு நகத்தளவு பெயர்த்தால் போதும், கீழே பழுப்பு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

"அப்பா, தாத்தாவ என்ன பண்றீங்க?"

என் மகள் கதவோரம் நின்றிருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா இறந்தபோது அவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. தாத்தா என்றால் அவளுக்கு இந்த முகம்தான். பரீட்சைக்குப் போகும்போது இதைத்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறாள்.

"கீறாதீங்கப்பா. தாத்தாவுக்கு வலிக்கும்."

"தூசிம்மா" என்றேன். பிளேடைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, துண்டால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, படத்தை மறுபடி ஆணியில் மாட்டினேன். கோணலாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். நேராக்கினேன்.